ஹப்புக்குப் பின்னால் ஒரு பேட்டரி: பவர் பேங்க் ஏன் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு விளக்கு, பூட்டு, சென்சார் எல்லாவற்றையும் ஹப் எனப்படும் ஒரு மையக் கருவியில் இணைத்து இயக்குவது பற்றி இப்போது நிறைய எழுதப்படுகிறது. மின்தடை என்று வந்ததும் மட்டும், "இடையில் ஒரு பவர் பேங்கைச் செருகிவிடுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை நம்பிச் செய்தவர்கள் ஒவ்வொரு மின்தடைக்கும் ஹப் அணைந்து எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறைந்த செலவில் ஒழுங்காக ஒன்றைச் செய்ய முடியும். எப்படி என்பதை விரிவாக எழுதுகிறேன், இடமிருந்தால் வெளியிடுங்கள்.

தயாரிப்பாளர்களே ஒரு காலத்தில் இதை யோசித்தார்கள். 2015-இல் வந்த ஸ்மார்ட்திங்ஸ் ஹப்பின் இரண்டாம் பதிப்பில் 4 ஏஏ பேட்டரி போட இடம் இருந்தது. 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று கிடைக்கும் ஹப்புகளில் பெரும்பாலானவை சுவர் அடாப்டரை மட்டுமே நம்பி நிற்பவை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளை ஓட்டுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். மின்சாரம் போனால் ஹப் நிற்பதோடு, எழுதிக்கொண்டிருந்த மெமரி கார்டும் சிதைய வாய்ப்பு உண்டு.

பேட்டரி வாங்கும் முன் ஒரு கேள்வி: மின்சாரம் இல்லாத நேரத்தில் ஹப் யாருக்காக விழித்திருக்க வேண்டும்? சுவர் மின்சாரத்தில் ஓடும் விளக்கும் பிளக்கும் அப்போது செத்துக் கிடக்கும். உயிரோடிருப்பவை பேட்டரியில் ஓடும் கதவு சென்சார், நீர்க்கசிவு சென்சார், புகை சென்சார், பூட்டு ஆகியவை மட்டுமே. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு வலையில் சுவர் மின்சாரத்தில் ஓடும் பல்புகளும் பிளக்குகளும்தான் செய்தியைக் கைமாற்றி ஹப்புக்கு அனுப்புகின்றன. மின்தடையில் அவை போய்விட்டால், தொலைவிலுள்ள சென்சார் பேட்டரி நிறைய இருந்தும் ஹப்பை எட்ட முடியாமல் தவிக்கும். ஆகவே ஹப்புக்கு மட்டும் பேட்டரி கொடுத்தால் போதாது. வீட்டின் நடுவில் யுஎஸ்பியில் ஓடும் ஜிக்பீ ரிப்பீட்டர் ஒன்றை வைத்து, அதற்கும் ஹப்பின் பேட்டரியிலிருந்தே 5 வோல்ட் கொடுங்கள். ஒரு வாட் கூட இழுக்காத சாதனம் அது. பலர் பெரிய பேட்டரி வாங்கிவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள்.

எச்சரிக்கை கைப்பேசிக்கு வரவேண்டுமென்றால் ரவுட்டரும், ஃபைபர் இணைப்பானால் அதன் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஓஎன்டி பெட்டியும் ஓட வேண்டும். ஃபைபர் இணைப்பில் இது பெரும்பாலும் பலிக்கும். வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே தெருவில் இருக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. பழைய கேபிள் இணைப்பில் தெருவோர ஆம்ப்ளிஃபயர்களுக்கு மின்சாரம் வேண்டும். அவை நின்றால் உங்கள் ரவுட்டர் ஓடியும் பயனில்லை.

அடுத்து அளவு. அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூட்டாதீர்கள், அது உச்ச வரம்பு. 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதிய அடாப்டரின் பின்னால் 8 வாட் ரவுட்டர் இருக்கும். டிசி பக்கத்தில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்தோ யுஎஸ்பி மீட்டர் கொண்டோ அரை மணி நேரம் கவனித்து, சராசரியையும் உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குக்கு ஹப் 4 வாட், ரவுட்டர் 8 வாட், ஓஎன்டி 5 வாட் என்று வைத்தால் மொத்தம் 17 வாட்.

பேட்டரிக் கணக்கை வாட்-மணியில் போடுங்கள், மில்லி ஆம்பியர்-மணி என்பது ஏமாற்று எண். 10,000 என்று எழுதிய பவர் பேங்க் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கைச் சொல்கிறது, அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது 6,000 முதல் 6,500 வரைதான் கையில் வரும். நாம் செய்யப்போகும் பேட்டரி 12.8 வோல்ட் 6 ஆம்பியர்-மணி, 76.8 வாட்-மணி. மாற்றிகளின் இழப்புக்கு 12 சதவீதம், அடிமட்டம் வரை இறக்காமல் விடுவதற்கும் பேட்டரி மூப்படைவதற்கும் 15 சதவீதம் கழித்தால் சுமார் 57 வாட்-மணி நிற்கும். 17 வாட்டுக்கு 3 மணி 20 நிமிடம் வரும். ஹப் மட்டும் என்றால் 14 மணி நேரம். இரட்டிப்பு வேண்டுமானால் செல்களை இரண்டிரண்டாக இணையாகச் சேர்த்து 12 ஆம்பியர்-மணி ஆக்கிக்கொள்ளலாம். மற்ற பாகங்கள் எதுவும் மாறாது.

இனி பவர் பேங்க் ஏன் சரிப்படாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலிவான பவர் பேங்குகளில் சார்ஜ் ஏற்றுவதற்கும் வெளியே 5 வோல்ட் தருவதற்கும் ஒரே இண்டக்டரை, அதாவது கம்பிச்சுருளைத்தான், மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். சுவர் மின்சாரம் போன கணத்தில் அது ஒரு வேலையை நிறுத்தி மற்றதைத் தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் வெளியீடு விழுந்துவிடும். எத்தனை வோல்ட் என்று அடாப்டரோடு பேசி முடிவு செய்யும் டைப்-சி பிடி வகைகளிலோ ஒரு முனையில் அடாப்டர் வந்தாலும் போனாலும் எல்லா முனைகளிலும் பேரம் மறுபடி தொடங்கும், அரை நொடி, ஒரு நொடி என்று மின்சாரமே இராது. கைப்பேசிக்கு இது தெரியாது. ஹப்புக்கு இது மறுதொடக்கம்.

"ஒரு பெரிய கெப்பாசிட்டரை இணைத்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாமே" என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. கணக்குப் போட்டாலே அது விழுந்துவிடும். 1 ஆம்பியர் இழுக்கும் ஹப்பில் 0.3 வோல்ட்டுக்கு மேல் இறக்கம் தாங்காது என்று வைத்தால், 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தாங்கும் நேரம் 0.3 மில்லி நொடி. பத்தில் ஒரு நொடியைக் கடக்க 0.33 ஃபாரட் வேண்டும். அந்த 1,000 மைக்ரோஃபாரட்டைப் போல 330 மடங்கு அது.

மறுபக்கம், கணினிக்குப் போடும் ஏசி யுபிஎஸ். அது வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் டிசியை உயரழுத்த ஏசியாக்கி, அதை உங்கள் அடாப்டர்கள் மறுபடி 12 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இறக்குகின்றன. இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவுக்கே 10 வாட் அளவில் இழுக்கும். 17 வாட் சுமைக்கு அது பெரிய வரி. ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று புதிதாக வாங்காதீர்கள். ரவுட்டருக்கென்றே விற்கும் டிசி மினி யுபிஎஸ் நல்ல யோசனைதான். 12 வோல்ட், 9 வோல்ட், 5 வோல்ட் என மூன்றும் தரும். குறை என்னவென்றால் உள்ளே எவ்வளவு செல் இருக்கிறது என்பதில் அட்டைப்பெட்டியின் வாக்கை நம்ப முடியாது, செல் மூப்படைந்தால் பெரும்பாலும் பெட்டியோடு தூக்கிப் போடவேண்டும்.

எந்த வகைச் செல்? பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 18650 என்ற உருளை வடிவ லித்தியம் அயன் செல்கள்தான் மிக மலிவு. ஆனால் இந்த வேலைக்கு அவை பொருத்தமில்லை என்பது என் உறுதியான கருத்து. நம்முடைய பேட்டரி வருடம் முழுவதும் நிறைந்த நிலையில் காத்திருக்கும். சாதாரண லித்தியம் அயன் செல்லை 4.2 வோல்ட்டில் நிரந்தரமாக நிறுத்தி வைத்தால் வேகமாகக் கெடும், சில செல்கள் உப்பும். புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 18650 அளவில் 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டியே உண்மையான உச்சம் நிற்கிறது, 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் காத்திருப்பதற்கென்றே பிறந்தது போன்றது. ஒரு செல் 3.2 வோல்ட், முழு நிறைவு 3.65, அடிமட்டம் 2.5. நான்கு தொடராகச் சேர்த்தால் 12.8 வோல்ட். 32700 என்ற அளவில் 6 ஆம்பியர்-மணி செல் கிடைக்கிறது, ஒன்று சுமார் 140 கிராம் இருக்கும். 100 கிராம்கூட வராத செல்லில் 6 என்று எழுதியிருந்தால் நம்பவேண்டாம். ஈய அமில பேட்டரி, அதாவது யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி கட்டி, முதல் செலவில் மலிவு. அதில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். அதையே வைத்திருப்பவர்கள் கீழே சொல்லும் சுற்றை அப்படியே பயன்படுத்தலாம். மிதவை மின்னழுத்தம், அதாவது நிறைந்த பேட்டரியை நிறுத்தி வைக்கும் அளவு, இரண்டுக்கும் 13.6 வோல்ட்தான், வசதியான தற்செயல். ஈய அமிலத்துக்கு மட்டும் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 18 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும், காற்றுப் புகாத பெட்டியில் அடைக்கக் கூடாது.

சுற்றின் அடிப்படை ஒன்றே ஒன்று: பேட்டரி எப்போதும் கம்பியிலேயே இருக்க வேண்டும். ரிலே தட்டி இங்கிருந்து அங்கு மாறும் வேலையே கூடாது. சார்ஜரும் பேட்டரியும் சுமையும் ஒரே இரு கம்பிகளில் இணையாக நிற்கும். சுவர் மின்சாரம் இருக்கும்போது சார்ஜர் சுமையையும் தாங்கிப் பேட்டரியையும் நிறைவில் வைக்கும். போனால் பேட்டரி அப்படியே தாங்கும். மாறும் நேரம் என்று ஒன்று கிடையாது.

வேண்டிய பாகங்களைச் சொல்கிறேன். பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் 65 வாட் அடாப்டர் ஒன்று. மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் தனித்தனியே திருகி வைக்கக்கூடிய இறக்கு மாட்யூல் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பலகை) ஒன்று, எக்ஸ்எல்4015 சில்லு வைத்தது போதும். 5 ஆம்பியர் ஷாட்கி டயோடு ஒன்று, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம் அது. நான்கு செல்லுக்கான லித்தியம் இரும்பு பாஸ்பேட் பிஎம்எஸ், செல்களைக் கண்காணித்து எல்லை மீறினால் துண்டிக்கும் பலகை அது. 5 ஆம்பியர் ஃபியூஸும் அதன் கூடும், கார்களில் வரும் தகட்டு ஃபியூஸ் சரியாக இருக்கும். 5 வோல்ட்டுக்கு ஓர் இறக்கு மாட்யூல், 12 வோல்ட்டுக்கு, ஏற்றவும் இறக்கவும் செய்யும் ஒரு பக்-பூஸ்ட் மாட்யூல். குறைமின்னழுத்தத்தில் வெட்டும் ரிலே பலகை. 1 சதுர மில்லிமீட்டர் கம்பி. செலவை மிச்சப்படுத்த விரும்பினால் அடாப்டரிலும் பெட்டியிலும் மிச்சப்படுத்துங்கள். செல்லிலும் பிஎம்எஸ்ஸிலும் ஃபியூஸிலும் வேண்டாம்.

முதலில் செல்கள். நான்கையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டு வந்த பிறகே தொடராக இணைக்க வேண்டும். நான்கையும் இணையாகக் கட்டி ஒரு நாள் விட்டால் தானே சமமாகும். பிஎம்எஸ்ஸின் மெல்லிய கம்பிகளை மைனஸ் முனையில் தொடங்கி வரிசையாக இணையுங்கள். செருகியைப் பலகையில் செருகும் முன் மல்டிமீட்டரால் பாருங்கள்: அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே 3.2 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஒன்று 6.4 காட்டினால் ஒரு கம்பி இடம் தவறியிருக்கிறது, செருகினால் பிஎம்எஸ் அங்கேயே போகும். பிஎம்எஸ் வாங்கும்போது அது இரும்பு பாஸ்பேட்டுக்கானதுதானா என்று கேளுங்கள். சாதாரண லித்தியம் அயன் பிஎம்எஸ் 4.2 வோல்ட்டைத் தாண்டித்தான் விழிக்கும், நம் செல்லுக்கு அது பாதுகாப்பே அல்ல.

பிஎம்எஸ் மைனஸ் பக்கத்தில் வெட்டும் வகையாகவே பெரும்பாலும் இருக்கும். எனவே சார்ஜரின் மைனஸும் சுமையின் மைனஸும் பலகையின் வெளிப்பக்க மைனஸுக்குத்தான் போக வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையில் நேரடியாக ஒரு கம்பியை இணைத்தாலும் பிஎம்எஸ் வெட்டியது போலக் காட்டிக்கொண்டே வெட்டாமல் இருக்கும். உலோகப் பெட்டியில் பேட்டரியின் மைனஸ் பட்டை உரசினாலும் இதே கதைதான். இணைத்து முடித்ததும் வெளியே 0 வோல்ட் காட்டினால் பதற வேண்டாம். புதிய பிஎம்எஸ் பல சமயம் சார்ஜரின் மின்னழுத்தத்தை ஒருமுறை பார்த்த பிறகே மின்சாரத்தை வெளியே விடும்.

சார்ஜ் பக்கத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 13.6 வோல்ட் தரும் சாதாரண எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி ஒன்றை நேரே பேட்டரியில் இணைத்தால், பேட்டரி நிறைந்திருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். நீண்ட மின்தடைக்குப் பிறகு காலியான பேட்டரி அள்ளி இழுக்கும். எஸ்எம்பிஎஸ் சுமை மீறியது என்று அணைந்து, எழுந்து, மறுபடி அணையும். வீட்டில் மின்சாரம் இருந்தும் ஹப் ஓடாது. மின்னோட்ட வரம்பு அதனால்தான் அவசியம். நம் சுமை 13.6 வோல்ட்டில் 1.25 ஆம்பியர். பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு, 1.2 ஆம்பியர். இரண்டும் சேர்த்து 2.5 ஆம்பியரில் வரம்பை வையுங்கள். காலி பேட்டரி நிறைய ஐந்தாறு மணி நேரம் ஆகும், அது போதும். எக்ஸ்எல்4015 பலகையில் 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் வெப்பத் தகடு இல்லாமல் அதற்குச் சுகமான அளவு இதுதான்.

ஷாட்கி டயோடு இந்த மாட்யூலின் பிளஸுக்கும் பேட்டரியின் பிளஸுக்கும் நடுவே. அதை விட்டுவிட்டுச் செய்கிறவர்கள் உண்டு, ஓடவும் செய்யும். ஆனால் சுவர் மின்சாரம் போனதும் பேட்டரியின் மின்சாரம் மாட்யூலின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து அடாப்டரின் வெளியீடு வரை போகும். மாட்யூலின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி வீணாகும். மின்தடையை உணரும் சுற்று அந்த இடத்தில் இருந்தால், மின்சாரம் போகவில்லை என்று அது பொய் சொல்லும். டயோடில் 0.4 வோல்ட் அளவுக்கு இறக்கம் உண்டு, மின்னோட்டத்தைப் பொறுத்து அது மாறும். ஆகவே 13.6-ஐ மாட்யூலின் முனையில் அளக்காமல், சுமையை ஓட்டிக்கொண்டே, பேட்டரி நிறைந்த நிலையில், பேட்டரியின் முனையில் அளந்து திருகுங்கள். டயோடு ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும், பிளாஸ்டிக்கைத் தொடாமல் வையுங்கள்.

13.6 என்றால் ஒரு செல்லுக்கு 3.4 வோல்ட். நிறைவுக்கு வெகு அருகில், செல்லை வதைக்காத அளவு. இதில் ஒரு குறை உண்டு. பிஎம்எஸ் செல்களைச் சமப்படுத்தத் தொடங்குவது அதற்கு மேலே, பலகையைப் பொறுத்து 3.45 முதல் 3.6 வரை. வருடக்கணக்கில் 13.6-இலேயே நின்றால் செல்கள் மெல்ல விலகும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை 14.4-க்குத் திருகி சில மணி நேரம் விட்டு மறுபடி இறக்குங்கள். 14.6-ஐத் தாண்டவே கூடாது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே குளிரும் இடத்தில் இந்தச் செல்களைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும், விரல் நீளத்துக்குள். சுமைக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவிலுள்ள கம்பி உரசிக் குறுக்கானால் காப்பாற்ற ஆளில்லை. பிஎம்எஸ்ஸிலேயே குறுக்குச்சுற்றுப் பாதுகாப்பு இருக்கிறதே என்பார்கள். பிஎம்எஸ்ஸில் உள்ள மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் கெடும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும் நிலையிலேயே கெடும் என்பதே பதில்.

இப்போது சுமைப் பக்கம். 12 வோல்ட் ரவுட்டரை நேரே பேட்டரியில் இணைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 13.6-ஐப் பல ரவுட்டர்கள் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் உள்ளீட்டில் 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்ட ரவுட்டருக்கு 14.4 வந்தால் விளிம்பில் நிற்கிறது. இறக்கு மாட்யூல் பழுதாகி 19 வோல்ட் அப்படியே இறங்கினால், பிஎம்எஸ் பேட்டரியை மட்டும் துண்டித்துக் காப்பாற்றிவிடும், ரவுட்டர் 19 வோல்ட்டை வாங்கிக்கொள்ளும். நடுவே பக்-பூஸ்ட் மாட்யூல் இருந்தால் அந்த அடி அதன் மேல் விழும். வெறும் இறக்கு மாட்யூல் 12 வோல்ட்டுக்கு உதவாது. தன் வெளியீட்டைவிட ஒரு வோல்ட்டாவது அதிகம் இருந்தால்தான் அது நிலையாக நிற்கும், பேட்டரியோ பெரும்பாலான நேரம் 13-ஐ ஒட்டித்தான் இருக்கும். மாட்யூல்களில் எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதியையே நம்புங்கள்.

5 வோல்ட் வரியில் வில்லன் கம்பிதான். 24 கேஜ் மெல்லிய யுஎஸ்பி கம்பி ஒரு மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 0.17 ஓம். 2 ஆம்பியரில் 0.34 வோல்ட் அங்கேயே கரையும். செருகியின் இழப்பும் சேர்ந்தால் 5.1 வோல்ட்டில் கிளம்பியது 4.65-ஐ ஒட்டி வந்து சேரும். ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே குறைமின்னழுத்த எச்சரிக்கை தரும். பேட்டரி மேல் பழி போடும் முன் கம்பியைத் தடித்த 20 கேஜுக்கு மாற்றி அரை மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். மாட்யூலை 5.1 அல்லது 5.2-இல் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். திருகு பொட்டென்ஷியோமீட்டர் அதிர்வில் நகரக்கூடியது, சரிசெய்ததும் அதன் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள்.

பேட்டரி காலியாகும் கட்டம் வரும்போது பிஎம்எஸ் 10 வோல்ட்டில் வெட்டும் என்று விட்டுவிடக் கூடாது, அது கடைசிக் காவல். ரிலே பலகையை 12.0 வோல்ட்டில் வெட்டவும் 13.2-இல் மீண்டும் இணைக்கவும் வையுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் நடப்பது இது: 12.0-இல் சுமை வெட்டப்படுகிறது, சுமை போனதும் பேட்டரி 12.6-க்கு எகிறுகிறது, ரிலே இணைக்கிறது, ஹப் எழத் தொடங்குகிறது, மின்னழுத்தம் விழுகிறது, மறுபடி வெட்டு. பத்து நிமிடத்தில் இருபது முறை ஹப் பாதியில் எழுந்து விழும். மெமரி கார்டைக் கொல்ல இதைவிடத் திறமையான வழி கிடையாது. 13.2 என்று வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்சாரம் வந்த உடனே ஹப் எழாமல், பேட்டரியில் ஓரளவு ஏறிய பிறகே எழும். வந்த மின்சாரம் இரண்டு நிமிடத்தில் மறுபடி போனாலும் தாக்குப்பிடிக்கும். ரிலே பலகையும் 30 மில்லி ஆம்பியர் அளவில் தின்னும், ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி. நாள்கணக்கில் மின்சாரம் இல்லாவிட்டால் அதுவே மீதியைக் குடித்து பிஎம்எஸ்ஸை வெட்ட வைக்கும்.

மூடிய பெட்டியாக வரும் ஹப் என்றால் வேலை இத்துடன் முடிந்தது. சிறு கணினியானால், வெட்டுக்கு முன் அதை ஒழுங்காக அணைக்க வேண்டும். மின்தடையை உணர, ஒளி வழியே சமிக்ஞை கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்று போதும். 19 வோல்ட் அடாப்டரின் வெளியீட்டில், டயோடுக்கும் மாட்யூலுக்கும் முன்னால், 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் அதன் எல்இடி பக்கத்தை இணைத்தால் சுமார் 5 மில்லி ஆம்பியர் ஓடும். மறுபக்கம் 10 கிலோ ஓம் வழியே 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவைத்த, கணினியின் உள்ளீட்டு முனை. 30 நொடி தொடர்ந்து மின்சாரம் இல்லையென்றால்தான் மின்தடை என்று கொள்ளும்படி நிரலில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் எச்சரிக்கை பறக்கும்.

எப்போது அணைப்பது என்பதை மின்னழுத்தத்தைப் பார்த்து முடிவு செய்வது இந்த வகைச் செல்லில் கடினம். 80 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையே நான்கு செல் பேட்டரியில் வித்தியாசம் 0.3 வோல்ட் அளவுதான், சுமை கொஞ்சம் கூடினாலே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஐஎன்ஏ219 உணரியால் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே வருவது நல்ல வழி, 26 வோல்ட், 3.2 ஆம்பியர் வரை அது தாங்கும். அவ்வளவு வேண்டாமென்றால் நேரக் கணக்கே போதும்: முழு ஓட்டம் 3 மணி 20 நிமிடம் என்று சோதித்தறிந்திருந்தால், 2 மணி 45 நிமிடத்தில் அணைக்கச் சொல்லுங்கள்.

அணைத்தாயிற்று. ரிலே வெட்டும் முன்பே மின்சாரம் திரும்பிவிட்டால்? 5 வோல்ட் ஒரு கணமும் போகவில்லை. அணைந்த கணினிக்கு யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. வீட்டில் எல்லாம் எரியும், ஹப் மட்டும் நாள்கணக்கில் தூங்கும். இந்த ஓட்டையை அடைக்காத வடிவமைப்புகள்தான் அதிகம். ராஸ்பெர்ரி பையில் ஜிபிஐஓ 3 என்ற இணைப்பு முனையை ஒரு கணம் தரையோடு தொட்டால் அணைந்த நிலையிலிருந்து எழும், ஆனால் ஐஎன்ஏ219 உணரி கணினியோடு பேசும் ஐ2சி இணைப்பின் கடிகாரக் கம்பியும் அதே முனைதான். அதனால் இஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றிடம் உணரி, ஆப்டோகப்ளர் இரண்டையும் கொடுத்துவிடுவதே சுத்தமான வழி. மின்சாரம் வந்து இரண்டு நிமிடம் நிலைத்த பிறகும் ஹப் பதில் சொல்லாவிட்டால், அது ஒரு ரிலேயால் 5 வோல்ட்டைப் பத்து நொடி துண்டித்து மீண்டும் கொடுக்கட்டும். ஹப்பின் கம்பி அந்த ரிலேயின் வழக்கமாக மூடியிருக்கும் (ரிலே இயங்காதபோது இணைந்திருக்கும்) முனை வழியே போக வேண்டும். இஎஸ்பி32 செத்தாலும் ஹப்பின் மின்சாரம் நிற்காது.

ராஸ்பெர்ரி பை 4 வரை மின்சாரம் போனாலும் நேரம் காக்கும் கடிகாரம் உள்ளே கிடையாது. இணையம் வரும் முன் அது எழுந்தால் தவறான நேரத்தோடு எழும், விடியற்காலையில் வாசல் விளக்கு எரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்று போதும். மின்சாரம் திரும்பும்போது எல்லா பல்புகளும் முழு வெளிச்சத்தில் எரிவது ஹப்பின் குற்றமல்ல. பல்பின் அமைப்பில் 'முந்தைய நிலை' என்பதைத் தேர்ந்தால் நிற்கும். ஒரு சென்சார் 'கிடைக்கவில்லை' என்ற நிலையிலிருந்து 'இயக்கத்தில்' என்று மாறுவதைத் தானியங்கி விதிகள் உண்மையான இயக்கமாக எடுத்துக்கொள்ளாதபடி ஒரு நிபந்தனையும் சேருங்கள்.

பெட்டி உலோகமாகவோ தீப்பற்றாத பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும், மேலும் கீழும் துளைகளோடு. ரவுட்டரின் தலைமேல் வைக்காதீர்கள். 45 டிகிரியைத் தாண்டும் இடம் எந்தச் செல்லுக்கும் ஆகாது. இரும்பு பாஸ்பேட் எளிதில் தீப்பற்றாத வகை என்றாலும் மெத்தை, திரைச்சீலை அருகில் வைப்பதற்கு அது அனுமதியல்ல.

சோதனை என்றால் பிளக்கை ஒருமுறை பிடுங்கிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஒரு நொடி மட்டும் போய் வரும் மின்சாரம், ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறை போய் வருவது, முழுக்க வெட்டும் வரை ஓடவிட்டுத் திரும்பக் கொடுப்பது, கணினி அணைந்த பின் ரிலே வெட்டும் முன் திரும்பக் கொடுப்பது, இந்த நான்கையும் தனித்தனியே செய்து பாருங்கள். பெரும்பாலான குறைகள் கடைசி இரண்டில்தான் வெளிப்படும். முழு ஓட்ட நேரத்தைப் பெட்டியின் மேல் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். 14.4-க்கு ஏற்றும் நாளிலேயே அடுத்த ஓட்டச் சோதனையையும் வைத்துக்கொள்ளலாம், பேட்டரி அப்போது நிறைந்திருக்கும். முதல் எண்ணில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நான்கு செல்களையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய மூன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால், பழையவற்றில் மிகத் தளர்ந்தது எங்கே நிற்கிறதோ அங்கேயே முழுப் பேட்டரியும் நிற்கும்.

இப்படிக்கு,
மின்னணுவியல் வாசகர் ஒருவர்